முன்னாலேயே போட்டிருந்த டிக்

ஜூன் 11, செவ்வாய்

அம்மா தூங்கிவிட்டாள். போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். லேப்டாப்பில் எழுதப் பயம். அதனால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்கள்.

போன வாரம் மாமா தன் பழைய லேப்டாப்பை எங்களுக்குக் கொடுத்து, அதில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட ஆரம்பித்தார். "இதுல யாரும் எட்டிப் பாக்க முடியாதுக்கா" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. மாமா லிஃப்ட் மெக்கானிக். எங்கேயோ மூன்று பேர் நடுவில் மாட்டிக்கொண்டார்களாம். ஓடிவிட்டார். மீதியை நானே முடித்தேன். 'அடுத்து', 'அடுத்து' என்று அமுக்கிக்கொண்டே போனேன்.

இன்று லேப்டாப்பின் அமைப்புகளைத் துழாவும்போது ஒரு வரி: 'இந்தக் கணினியைப் பற்றிய தகவல்களை அனுப்பி எங்களுக்கு உதவுங்கள்.' பக்கத்தில் ஒரு டிக். நான் போடவே இல்லை. முன்னாலேயே போட்டு வைத்திருக்கிறார்கள். கீழே சின்ன எழுத்தில், 'அனுப்பப்பட்டது.'

எதை?

ஜூன் 12, புதன்

எனக்கே எழுதிக்கொள்கிறேன், எதற்கு இவ்வளவு பயம் என்று.

அப்பா அம்மாவின் போனில் என்னவோ போட்டு வைத்திருந்தார். அம்மா மருந்துக்கடையில் நின்றால் அங்கே வந்து நிற்பார். பஸ் ஸ்டாப்பில் நின்றால் அங்கேயும். "இந்தப் பக்கமா வந்தேன்" என்பார். வீட்டுக்கு வந்த பிறகுதான் கதவைச் சாத்துவார். அந்தப் போனை அங்கேயே விட்டுவிட்டுத்தான் வந்தோம். நாங்கள் இங்கே இருப்பது மாமாவுக்குத் தெரியும், பள்ளிக்கூட ஆபீசுக்குத் தெரியும். அவ்வளவுதான்.

லினக்ஸ் போட்ட அன்றைக்கு லேப்டாப், 'கணினியின் பெயர் என்ன?' என்று கேட்டது. நோட்டுக்கு லேபிள் ஒட்டுவது போல என் பெயர், வகுப்பு, கதவு எண், தெரு என்று எல்லாவற்றையும் நடுவில் கோடு போட்டு அடித்தேன். தொலைந்துபோனால் யாராவது திருப்பிக் கொடுப்பார்களே என்று!

முட்டாள். முட்டாள்.

அந்தப் பெயரும் போயிருக்குமோ?

ஜூன் 13, வியாழன்

என் வகுப்பில், தடிக் கண்ணாடி போட்ட சோடாபுட்டிக்குத்தான் கம்ப்யூட்டர் நன்றாகத் தெரியும். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்திக்கு இப்படி ஆயிடுச்சு" என்று ஆரம்பித்தேன்.

"அந்த ஒருத்தியும் உன்னை மாதிரியே நகம் கடிப்பாளா?"

"விளையாடாதடி."

"இதுக்குப் பேரு டெலிமெட்ரி. மெஷின் தன்னைப் பத்தித் தானே கோள் சொல்றது. உன் மாமா போட்டதுல என்ன போச்சுன்னு அதுலயே எழுதி வெச்சிருக்கும். தேடிப் பாரு. அதாவது... அந்த ஒருத்தியைத் தேடச் சொல்லு."

கோள் சொல்வது. சிரித்தேன், நகத்தைக் கடித்துக்கொண்டே.

ஜூன் 14, வெள்ளி

ஏன் சாப்பிடவில்லை என்று அம்மா கேட்டாள். வயிற்றுவலி என்றேன்.

ஜூன் 15, சனி

கண்டுபிடித்துவிட்டேன்!

மறைத்து வைத்திருக்கும் கோப்புறைகளின் பெயர் புள்ளியில் ஆரம்பிக்குமாம். அவற்றைக் காட்டச் சொன்னால் காட்டுகிறது. அப்படி ஒன்றுக்குள், அனுப்பிய அறிக்கையின் நகல் அப்படியே இருந்தது. இருபத்தாறு வரி. என்ன மாடல், எவ்வளவு மெமரி, திரையின் அகலம் உயரம், எந்த மொழி, எந்த நேர மண்டலம். லினக்ஸ் போட எத்தனை நிமிடம் ஆனது என்றுகூட இருக்கிறது. அது எதற்கு அவர்களுக்கு? மாமா பாதியில் ஓடியதும் அதில் சேர்த்தியா?

கணினியின் பெயர் இல்லை. விரல் வைத்து மூன்று முறை படித்தேன். இல்லை.

உடனே பெயரை மாற்றினேன். இப்போது அது வெறும் 'பெட்டி'.

நிம்மதியாகத் தூங்கலாம் என்றுதான் படுத்தேன். ஆனால் ஒரு கேள்வி குடைகிறது. இந்த நேர மண்டலத்தில் கோடிக்கணக்கான பேர் இருப்பார்கள். அதில் தமிழில் வைத்திருப்பவர்கள்? அதில் இந்தப் பழைய மாடல்? ஒவ்வொரு வரிக்கும் கூட்டம் கரைகிறது. கடைசியில் எத்தனை பேர் நிற்போம்? நூறு? மூன்று?

ஜூன் 16, ஞாயிறு

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மாமா வந்திருந்தார், அந்தத் தைரியம்தான்.

அம்மா முகம் வெளுத்துவிட்டது. எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். அப்புறம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "காட்டு" என்றாள்.

ஒவ்வொரு வரியாகக் காட்டினேன். "இது என்ன?" "மெமரி." "இது?" "திரையோட அளவு." இருபத்தாறும்.

"சரி. இது எங்கேருந்து வந்துச்சுன்னு அவங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.

மாமா தலையைச் சொறிந்தார். "எந்த நெட் கனெக்‌ஷன்லேருந்து வந்துச்சுன்னு தெரியும்க்கா. ஆனா அதைச் சேத்து வெக்க மாட்டோம்னு எழுதியிருக்காங்க."

"எழுதியிருக்காங்க" என்றாள் அம்மா.

"அவரு கைக்கு இது போகாதுக்கா. இந்த லினக்ஸைச் செஞ்சவங்க, எத்தனை பேரு பயன்படுத்தறாங்கன்னு எண்ணத்தான் எடுக்கறாங்க. மத்தவங்க கேக்காமலே எடுக்கறாங்க, இவங்களாவது கேட்டுட்டு எடுக்கறாங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "டிக்கை முன்னாடியே போட்டு வெச்சுட்டுக் கேக்கறது என்ன கேக்கறது மாமா? அது கேக்கற மாதிரி நடிக்கறது!"

அம்மா லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு, "எதை அமுக்கணும்?" என்றாள். திரையில் அம்புக்குறியை எப்படி நகர்த்துவது என்று காட்டினேன். டிக் போய்விட்டது. கட்டம் காலியாக இருந்தது. அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ராத்திரி என் தட்டில் இரண்டாவது தடவை சோறு போட்டபோது நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஜூன் 19, புதன்

லினக்ஸைச் செய்தவர்களின் பொது இணையப் பக்கத்தில் பெயர் போடாமல் எழுதினேன்: 'ஒளிந்து வாழ்கிறவர்களும் இதைப் பயன்படுத்துகிறோம். கட்டத்தைக் காலியாக விடுங்கள். வேண்டுமென்றால் நாங்களே டிக் போடுவோம்.'

ஜூன் 21, வெள்ளி

ஒரே ஒருவர் பதில் போட்டிருக்கிறார். 'இப்படி ஒருவர் இருப்பார் என்று நாங்கள் யோசிக்கவில்லை. பேசிப் பார்க்கிறோம்.' சோடாபுட்டியிடம் காட்டினேன். "அந்த ஒருத்தி பெரிய ஆளுதான்" என்றாள். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

இன்று பகலில் எழுதுகிறேன், மேஜையில்.

காலையில் போர்வை உதறும்போது அம்மா கையில் இந்த நோட்டு கிடைத்துவிட்டது. குளித்துவிட்டு வந்து பார்த்தால், நோட்டை மூடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"கடைசிப் பக்கத்துல என்னமோ எழுதியிருக்கியே. படிக்கலாமா?"

"வேண்டாம்மா."

"சரி" என்றாள். நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போர்வையை மடிக்கப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து, அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பக்கம் மட்டும் படித்துக் காட்டினேன். எந்தப் பக்கம் என்று நான்தான் முடிவு செய்தேன்.