கறுப்புத் துணிக்கு எந்தத் தாள்

அக்கா,

இஸ்திரிப் பெட்டியின் சூடு பட்டதும் செய்தித்தாளிலிருந்து ஒரு வாசனை எழும்புமே, மசியும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி, அது இன்று காலை என் தையல் மேசையில் வந்தது. ரொம்ப வருஷத்துக்குப் பிறகு அச்சடித்த தாளை வைத்துத் தைத்திருக்கிறேன். பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். பிறகு இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆமாம், நான்தான் எழுதுகிறேன். யாரையும் வைத்து எழுதவில்லை. நம் தெருப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு வைத்தார்கள். மருமகள் என்னைப் பிடித்துக்கொண்டுபோய் உட்காரவைத்தாள். இப்போது பஸ் வளைவில் திரும்பும்போதே ‘பாபநாசம்’ என்று படித்துவிடுகிறேன். பக்கத்தில் நிற்பவர் கேட்காவிட்டாலும் அவருக்குச் சொல்கிறேன். சந்தோஷம் அப்படி இருக்கிறது.

சிறு வயதில் பள்ளிக்கூடம் போகச் சொன்னால் நான் வாய்க்காலில் போய் விழுந்து கிடப்பேன். நீ ஐந்தாவது வரை படித்தாய். உன் வீட்டுக்காரர் போனபின் நீ என் கடைக்கு வந்து உட்கார்ந்தபோதும் அந்தப் படிப்பு உன்னோடு வந்தது. அதுதான் எனக்கு உறுத்தியது.

தஞ்சாவூர்க் கடைக்காரர் துண்டுத் துணியில் நட்சத்திரப் போர்வை கேட்டு வந்தார். தாளில் கோடு போட்டு, அடியில் துணியை வைத்து, கோட்டின் மேலேயே தைத்து, கடைசியில் தாளைக் கிழித்து எடுக்க வேண்டும். தாள் இல்லாமல் தைத்தால் முக்கோணத் துண்டு இழுபட்டு நட்சத்திரம் கோணிவிடும். எந்தத் தாள் என்று கண்டுபிடித்தது நீ. நோட்டுத் தாள் விறைப்பு, இழுக்கும்போது நூலும் சேர்ந்து வந்தது. எண்ணெய்த் தாள் ஊசிக்கு அடியில் வழுக்கியது. “தைக்கிற வரைக்கும் நிக்கணும், தைச்சதும் போயிடணும். அதுக்குப் பழைய பேப்பர்தான்டா சரி” என்றாய். தையலைப் பொடிசாக வைக்கச் சொன்னாய், ஊசித் துளை நெருங்கினால்தான் தாள் தானாகப் பிரியும் என்று. கடைசியாகத் தைத்த துண்டின் தாளை முதலில் எடுப்பாய். தையல்மேல் இடது கட்டைவிரலை அழுத்திக்கொண்டு, வலது கையால் மெல்லப் பிரிப்பாய். கூர் முனையில் மாட்டிக்கொண்டதை ஊசியால் நெம்புவாய்.

கிழித்ததைப் போடுமுன் படிப்பாய். தையல் வெட்டிய செய்தி ஒன்றும் முழுசாக இருக்காது. ஒரு முனையில் மணமகன் தேவை விளம்பரம், அடுத்த முனையில் குறுவை நெல்லுக்கு யோசனை. “இந்தப் பொண்ணுக்கு இருபத்தாறு வயசாம்டா. ரெண்டாம் களை எடுக்கணுமாம்” என்று சொல்லிக் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாய். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் எரியும்.

ஒருநாள் கடைக்காரர் வந்திருந்தபோதும் நீ அப்படிச் சிரித்தாய். அவர் அந்தத் துண்டை வாங்கி என்னிடம் நீட்டி, அடுத்த வரியைப் படிக்கச் சொன்னார். நான் கத்தரியைத் தேடுகிற மாதிரி குனிந்தேன். நீ அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல், “அவன் கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டான். குடுங்க, நான் படிக்கிறேன்” என்றாய். என்னிடம் கண்ணாடியே கிடையாது. அவர் போனபிறகும் நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

மறுநாள் அச்சகத்தில் வெட்டி மீந்த வெற்றுத்தாளைக் கட்டாக வாங்கி வந்தேன். மசி வெள்ளைத் துணியில் ஒட்டுகிறது என்று உன்னிடம் சொன்னேன். அது பொய் இல்லை. இஸ்திரி போட்டால் ஒட்டத்தான் செய்யும். நீயும் ஒத்துக்கொண்டாய். அன்றிலிருந்து கடையில் தாள் கிழிகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

பிறகு கறுப்புத் துணியில் ஒரு போர்வைக்குச் சொல்லிவிட்டார்கள். அதற்கும் நான் வெற்றுத்தாளைத்தான் எடுத்து வைத்தேன். நீ தாளைப் பார்த்தாய், துணியைப் பார்த்தாய்.

“ஏன்டா தம்பி, கறுப்புத் துணிக்குமா வெள்ளைத்தாளு?”

நான் மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தேன். நீ “சரிடா” என்று கத்தரியை எடுத்தாய். அதன்பின் நீ கேட்கவே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தஞ்சாவூருக்குத் துணி கொடுக்கப் போன ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் உனக்கு வடை வாங்கிக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது, வடை சுற்றியிருந்த எண்ணெய் ஊறிய பேப்பர்த் துண்டை மடியில் வைத்து நீவி, குனிந்து படித்துக்கொண்டிருந்தாய். என்னைக் கண்டதும் சட்டென்று கசக்கிக் கீழே போட்டாய். திருடி அகப்பட்ட மாதிரி இருந்தது உன் முகம். உன்னைவிட இளையவன் நான். நான் போட்ட சோற்றுக்காக அந்த முகம். அன்று அதைப் பார்த்து எனக்குத் திருப்தியாக இருந்தது, அக்கா. எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

நீ போய்ச் சேரும்வரை கடையில் வெற்றுத்தாள்தான்.

இதுவரை எழுதிவிட்டுக் கிழிக்க உட்கார்ந்தால் எனக்கு வேலை ஓடமாட்டேன் என்கிறது. எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தபிறகுதான் தாளை விட மனம் வருகிறது. டீ கொண்டுவந்த மருமகள் “என்ன தனியாச் சிரிக்கிறீங்க மாமா?” என்று கேட்டாள். மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட, பக்கத்து முனையில் பல் வலிக்கு உடனடி நிவாரணம் கிடைத்திருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்துக் காட்டினேன். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அப்போதுதான் தெரிந்தது, நீ என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. என்னோடு சேர்ந்து சிரிக்கத்தான் ஒவ்வொரு தடவையும் எனக்குப் படித்துக் காட்டினாய்.

இந்தப் போர்வை விற்பதற்கு இல்லை. கறுப்புத் துணி. அதற்கு அச்சடித்த பேப்பர்தான் வைத்திருக்கிறேன். இடது கட்டைவிரலைத் தையல்மேல் அழுத்திக்கொண்டு, கடைசித் துண்டிலிருந்து எடுத்து வருகிறேன். வாய்விட்டுத்தான் படிக்கிறேன், அக்கா.