எனக்கு அளித்த நூறு மதிப்பெண்ணை ரத்து செய்யக் கோரி

அனுப்புநர்:
கிரேன் ஓட்டுநர்,
இரும்புத் தகடு ஆலை, இரண்டாம் கொட்டகை.

பெறுநர்:
தொழிற்சாலைப் பாதுகாப்பு ஆய்வாளர் அவர்கள்.

பொருள்: காதுக்கருவியுடன் பேச்சு புரிகிறதா என அளக்கும் பரிசோதனை – என் மதிப்பெண்ணை ரத்து செய்து, வெளியாளைக் கொண்டு மீண்டும் அளக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

மதிப்பெண்ணைக் கூட்டித் தரச் சொல்லும் மனுக்களைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். இது குறைக்கச் சொல்லும் மனு. எனக்குப் புத்தி பேதலிக்கவில்லை என்பதை முதலிலேயே பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

1. பத்தொன்பது ஆண்டுகள் கிரேன் ஓட்டியதில் என் இரண்டு காதும் மந்தமாகி, சென்ற ஆண்டு முதல் கருவி அணிகிறேன். கருவி அணிந்தவர் மீண்டும் கிரேனில் ஏற, ஆலை மருத்துவ அறையில் தேற வேண்டும். டேப்பில் ஒரு குரல் இருபத்தைந்து வார்த்தைகள் சொல்லும். ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்ல வேண்டும். தேறாதவருக்கு வாசல் காவல்.

2. அந்த டேப்பை ஆறு ஆண்டுகளாக மாற்றவில்லை. கதவு, பானை, குடை என்று தொடங்கும் வரிசை கொட்டகையில் எல்லோருக்கும் அத்துப்படி. நானும் வீட்டில் மனைவியை வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்தேன். வாசலில் உட்கார மானம் இடம் கொடுக்கவில்லை. அது என் தவறு, மறைக்கவில்லை. ஆனால் இது பரிசோதகருக்குத் தெரியாது என்று நம்ப நான் பச்சைக் குழந்தை அல்ல. சில வார்த்தைகளை டேப்பை முந்திக்கொண்டே சொல்லிவிட்டேன், அப்போதும் அவர் தலை நிமிரவில்லை. கருவி அணிந்த பதினோரு பேரும் தேறியிருக்கிறோம். ஒருவர்கூடவா தவறமாட்டார்? அறிக்கையில் காது கெட்டவர் யாரும் இருக்கக் கூடாது என்று மேலிடத்தில் சொல்லியிருப்பார்களோ எனச் சந்தேகிக்கிறேன்.

3. இந்தச் செவ்வாய்க்கிழமை நடந்த பரிசோதனையின்போது மனைவியும் மூலையில் உட்கார்ந்திருந்தார். நூற்றுக்கு நூறு என்றார்கள். வெளியே வந்ததும் என் முகத்துக்கு நேரே நின்று மனைவி சொன்னது: “இருபதாவது வார்த்தையோட டேப் நின்னுபோச்சுங்க. நீங்க பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே போறீங்க, அந்த ஆளு பாட்டுக்கு டிக் போட்டுக்கிட்டே இருக்காரு.”

ஐயா, அந்தக் கடைசி ஐந்து வார்த்தைகளும் என் காதில் விழுந்தன என்றே நான் நினைத்திருந்தேன். அந்தக் குரல் இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

4. மறுநாள் பரிசோதகரிடம் போய்க் கேட்டேன். இரண்டு முறை ஏதோ சொன்னார், பிடிபடவில்லை. பிறகு ஒரு தாளில், “தேறிட்டீங்கல்ல, எதுக்கு வம்பு?” என்று எழுதிக் காட்டினார். தேறியவனுக்கு எதற்காக எழுதிக் காட்ட வேண்டும்? அந்தத் தாளை நான் அவரிடம் திருப்பிக் கொடுக்கவில்லை.

5. நேற்று வியாழக்கிழமை வெள்ளோட்டம். கீழே நின்று வாக்கி-டாக்கியில் வழி சொன்னவர் என் தங்கையின் கணவர். “நிறுத்துங்க மச்சான்” என்று மூன்று முறை கத்தினாராம். வழக்கமாக அந்த இடத்தில் தகட்டை இறக்கச் சொல்வார். அதையே சொன்னதாக எடுத்துக்கொண்டு நான் இறக்கினேன். அவர் துள்ளி விலகியதால் பிழைத்தார். பதிவேட்டில் மேற்பார்வையாளர் ‘சங்கிலி வழுக்கியது’ என்று எழுதியிருக்கிறார். சங்கிலி வழுக்கவே இல்லை. தங்கையிடம் நாங்கள் இருவருமே இன்னும் சொல்லவில்லை.

ஆகவே, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு என் தங்கை கணவர் தலைக்கு மேலே என்னை மீண்டும் ஏற்றுமுன், நான் கேட்டிராத வார்த்தைகளைக் கொண்டு, கொட்டகை இரைச்சலுக்கு நடுவே, சொல்பவரின் வாய் என் கண்ணுக்குத் தெரியாதபடி, ஆலைக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் என்னை அளக்க உத்தரவிடுமாறு கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வாசல் காவலே கிடைத்தாலும் சரி.

இணைப்பு: பரிசோதகர் எழுதிக் காட்டிய தாள், இருபத்தைந்து வார்த்தைகளின் பட்டியல். பட்டியலை எழுதியது என் மனைவி, பார்க்காமல்.

நாள்: வெள்ளிக்கிழமை
இடம்: பணியாளர் குடியிருப்பு

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
கிரேன் ஓட்டுநர்

குறிப்பு: மறுபரிசோதனை நாளை அருள்கூர்ந்து எழுத்தில் தெரிவிக்கவும். தொலைபேசியில் தாங்கள் எதைச் சொன்னாலும் நான் “சரிங்க ஐயா” என்றுதான் சொல்வேன். அதை நம்ப வேண்டாம்.