வேலியாக நட்ட காட்டாமணக்கு

ஐப்பசி 9, புதன்

நில உச்சவரம்புச் சட்டத்தில் எனக்குக் கிடைத்த வயலுக்கும் பண்ணையார் வயலுக்கும் நடுவில் எல்லைக்கல் இல்லை. வாய்க்காலில் மண்டிக் கிடந்த காட்டாமணக்கை ஒடித்து நான்தான் வேலியாக நட்டேன். மாடு வாய் வைக்காதே என்று நினைத்தேன். ஒரு மழைக்கே குச்சியெல்லாம் வேர்விட்டு வயலுக்குள் பரவிவிட்டது.

இன்று அதை வெட்டினேன். பண்ணையாரின் காரியக்காரர் வந்து நின்றார்.

"வேலிய நீயே எடுத்துட்ட. இனிமே எல்லை எதுன்னு யாரு சொல்றது?"

"இத விட்டா வயலே போயிடுங்க" என்றேன்.

வேரைத் தோண்ட மண்வெட்டி எடுத்து வரப் போனேன். திரும்பியபோது, நான் வெட்டிப்போட்ட தண்டுகளையே அவருடைய ஆட்கள் என் வயலுக்குள் பல அடி தள்ளி வேலியாக ஊன்றியிருந்தார்கள். காவலுக்கும் நின்றார்கள். தனியாளாகப் பிடுங்கத் துணியவில்லை.

எல்லாம் பச்சைத் தண்டு. சாயந்திரத்திலிருந்து மழை விடவே இல்லை.