அட்டை கட்டிய கைகள்

12-8-2006, சனி.

பாப்பாவின் பிளந்த அண்ணத்தைத் தைத்து இன்னும் ஒரு வாரம் ஆகவில்லை. தையலில் அவள் விரல் படக் கூடாது என்று டாக்டர் சொன்னதால், முழங்கை மடங்காமல் இரண்டு கைகளிலும் அட்டை வைத்துக் கட்டியிருக்கிறேன்.

இன்று கனகசெட்டிக்குளத்திலிருந்து நாத்தனார் வந்தார். பாப்பாவைக் குளிப்பாட்ட வாங்கிக்கொண்டார். நான் துண்டு எடுக்க உள்ளே போனேன். அதற்குள், அவர்கள் ஊரில் எல்லாக் குழந்தைக்கும் செய்வதுபோல, தொண்டைக்குள் விரலை விட்டுச் சளி எடுத்துவிட்டார்.

"எவ்ளோ சளி பாரு. இனிமே புள்ள நல்லா தூங்கும்" என்றார். நான் பாப்பாவை வாங்கிக்கொண்டேன்.

சற்றுமுன் பால் புகட்டினேன். ஆபரேஷனுக்கு முன்பு வந்ததுபோல மூக்கில் ஒரு சொட்டு வந்தது. பாலா, சளியா? விளக்கருகே வைத்துப் பார்த்தும் தெரியவில்லை. விடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

அட்டைக் கைகளை விரித்துப்போட்டுத் தூங்குகிறாள். நான் இவள் கையைப் போய்க் கட்டி வைத்திருக்கிறேன்.