ஜீப்பின் நட்சத்திரம்

இஞ்சாருங்கோ,

இரண்டு நாள் யோசித்து, அக்காவோடும் கலந்து பேசி, பாரதூரமான ஒரு தீர்மானத்துக்கு வந்திருக்கிறேன். மொரோக்கோவிலிருந்து நீங்கள் அனுப்பும் வீடியோக்களை இனிச் சத்தமில்லாமல்தான் பார்ப்பேன்.

முந்தநாள் வந்த வீடியோவில் பாலைவன மலையின் உச்சியில் ஜீப்பை நிறுத்தி, உங்கள் சிநேகிதர் சேந்தன் கத்துகிறார்: "மச்சான், மனிசரே வராத றோட்டடா இது!" அவருக்குப் பின்னால் ஒரு கிழவர் மோட்டார் சைக்கிளில் இரண்டு ஆடுகளோடு போகிறார்.

நீங்கள் புறப்பட்ட நாளும் நினைவிருக்கிறது. இங்கே லா சப்பலில் இருக்கும் எங்கள் கோயில் வாசலில், ஒன்பது மாத வயிற்றோடு குனிந்து, ஜீப்பின் நான்கு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்தவள் நான். உங்களுக்கு நாரிப்பிடிப்பு, குனிய முடியாதாம்.

"ஆருக்கு அர்ச்சனை?" என்றார் ஐயர்.

"ஜீப்புக்கு ஐயா. ரோகிணி. வாங்கின நாள் ரோகிணி" என்றீர்கள் நீங்கள்.

ஐயர் என் வயிற்றைப் பார்த்தார். "தங்கச்சியின்ரை நட்சத்திரம்?"

"அவவுக்கென்ன ஐயா, அவ வீட்டிலைதானே நிக்கிறா."

"பிள்ளை பத்தாம் திகதிதானே, எட்டாம் திகதி நான் இஞ்சை நிப்பன்" என்று எனக்குச் சொன்னீர்கள். எட்டாம் திகதி வந்த வீடியோவில் ஒட்டகத்துக்குப் பிஸ்கட் தீத்திக்கொண்டிருந்தீர்கள். நான் அதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி பார்த்தேன். நான் கோல் எடுத்தபோது உங்கள் தொலைபேசி வேலை செய்யவில்லை.

பிறப்பைப் பதிய இங்கே ஐந்து நாள்தான் தருகிறார்கள். ஐந்தாம் நாளும் உங்களைக் காணாததால், என் அண்ணை நகரசபைக்குப் போய், மகளுக்குப் பெயர் பதிந்துவிட்டு வந்தார்.

உங்கள் மனைவி