பத்தொன்பது பாட்டுகளும் ஒரு மாட்டுப் பாட்டும்

1998 பிப்ரவரி 4, புதன்

மழை. துவைத்த துணி மூன்றாவது நாளாக அடுப்படியிலேயே தொங்குகிறது.

மத்தியானம் மாவட்ட வானொலியின் லோர்கன் வந்து, ஈரக் கோட்டோடு என் நல்ல நாற்காலியில் உட்கார்ந்தான். நாற்பது வயது ஆள், அழாத குறை. ‘நம் மாவட்டம் தந்த மிகச் சிறந்த இருபது பாட்டுகள்’ என்று தொலைபேசியில் ஓட்டு வாங்கி, போன வாரம் வரிசையை அறிவித்தானே, அதன் பலன். மீன் வறுவல் கடையில் ஒரு அம்மாள் குடையால் குத்தினாளாம். ஒரு பஸ் டிரைவர் தனியாளாக அறுபத்தோரு முறை ஃபோன் செய்ததும் வெளியே வந்துவிட்டது.

"நீங்கதான் காப்பாத்தணும், மிஸஸ் கில்டே. அதே இருபது பாட்டு. ஆனா நிஜத் தேர்தல் மாதிரி சீட்டு, பெட்டி, எண்ணிக்கை எல்லாம் வெச்சு நடத்திக் கொடுங்க. கவுன்சில் ஆபீஸ்ல முப்பது வருஷம் ஓட்டு எண்ணினவங்க நீங்க."

அந்த இருபதில் ஒன்று என் கணவன் பாட்டு, இன்னொன்று என் தம்பி பாட்டு என்பதை நினைவூட்டினேன்.

"அதனாலதான் உங்ககிட்ட வந்தேன். எந்தப் பக்கம் சாஞ்சாலும் வீட்ல உங்களுக்கு அடி விழும். அப்ப சாயவே மாட்டீங்க இல்ல?"

ஆள் பார்ப்பதற்குத்தான் அசடு.

பிப்ரவரி 5, வியாழன்

வழக்கம்போல தம்பி ஃபின்டன் வீட்டுக்குப் போனேன். சோடா ரொட்டி கொண்டுபோனேன். தேர்தல் விஷயத்தைச் சொன்னதும் சிரித்தான்.

"பாட்டுக்கு ஓட்டா? அடுத்து சூரியனுக்கும் நிலாவுக்கும் வைங்க. நான் போட மாட்டேன், அக்கா."

"உன் பாட்டும் அதுல இருக்குடா."

"பின்பக்கத்துல இருக்கற பாட்டுதானே. இருந்துட்டுப் போகட்டும்."

அந்தப் ‘பின்பக்கம்’ என்ற சொல்லை இருபத்தேழு வருஷமாகக் கேட்கிறேன். சில்வர் லார்க் இசைக்குழுவில் என் கணவன் மாலாக்கி பாடுவான், ஃபின்டன் டிரம்பெட் வாசிப்பான். ஊர் ஊராக நடன அரங்குகள், ஒரே வேன், ஒரே போர்வை. 1971இல் அவர்களுக்கு ஒரே ஒரு இசைத்தட்டு வந்தது. முன்பக்கம் ஃபின்டன் எழுதிய ‘பாலத்தடியில் காத்திரு’ என்று பேசி முடிவாகியிருந்தது. மாலாக்கி தனியாக டப்ளினுக்குப் போனான். தட்டு வந்தபோது முன்பக்கம் அவனுடைய ‘மஞ்சள் கோட்டுப் பெண்’, பின்பக்கம் ஃபின்டன். கம்பெனிக்காரன்தான் மாற்றினான் என்பது மாலாக்கியின் கதை. ஃபின்டன் வேனிலிருந்து இறங்கி நடந்தான். அன்றோடு பேச்சு நின்றது.

ஒரே ஊர். ஒரே கோவில். தம்பி பத்து மணிப் பூசை, கணவன் பதினொன்றரைப் பூசை.

பிப்ரவரி 9, திங்கள்

ஒப்புக்கொண்டேன். பங்குத் தந்தை முன்னால் சத்தியமும் செய்தேன்: யார் சீட்டையும் யாரிடமும் சொல்வதில்லை. லோர்கன் வேடிக்கைக்குத்தான் கேட்டான். நான் வேடிக்கைக்குச் செய்யவில்லை.

விதி நம் தேர்தல் விதிதான். பிடித்த வரிசையில் 1, 2, 3 என்று எண் போட வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் கடைசியில் இருக்கும் பாட்டு வெளியே போகும். அதன் சீட்டுகள், அவற்றில் அடுத்த எண் எந்தப் பாட்டுக்கோ அதன் கட்டோடு சேரும். கடைசி வரை நிற்பதுதான் முதலிடம். சீட்டு வாரப் பத்திரிகையில் வரும், வெட்டி அனுப்ப வேண்டும்.

மாலாக்கி இதைக் கேட்டதும் முதல் வேலையாகச் சவரம் செய்துகொண்டான். எதற்கு என்றேன்.

"பிரச்சாரம் இருக்குல்ல?"

பிப்ரவரி 15, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வந்தால் கோவில் வாசலில் என் கணவன் எல்லோர் கையையும் பிடித்துக் குலுக்குகிறான். அறுபத்து நான்கு வயது. "உங்க முதல் எண் மஞ்சள் கோட்டுக்குத்தானே? உங்கம்மா முழங்கால் எப்படி இருக்கு?" மண் விழுங்கக்கூடாதா என்றிருந்தது எனக்கு.

"ரெண்டாவது எண் யாருக்குப் போடச் சொல்றே, மாலாக்கி?" என்று தீயணைப்பு நிலையத்து யூஜின் வேண்டுமென்றே கேட்டான்.

"எனக்குப் போட்டப்புறம் பேனாவை மூடி வெச்சுடு. பின்பக்கத்துப் பாட்டுக்குப் போட்டியோ, வீட்ல பால் திரிஞ்சுபோகும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கிறேன் போல, அது இப்போது உறுத்துகிறது.

பிப்ரவரி 25, சாம்பல் புதன்

தவக்காலத்துக்குச் சர்க்கரையை விட்டிருக்கிறேன். மாலாக்கி எதையும் விடவில்லை.

மார்ச் 2, திங்கள்

பெட்டியைப் பூட்டியாயிற்று. ஆயிரத்துக்கு மேல் சீட்டு. எனக்கு ஓட்டு இல்லை, அதிகாரி போடக் கூடாது. நல்லதாயிற்று. எந்தப் பாட்டு உசத்தி என்று இருவரும் என்னை எத்தனை முறை கேட்டிருக்கிறார்கள்! "எனக்குப் பாட்டு தெரியாது" என்று சொல்லிச் சொல்லி ஊரே அதை நம்பிவிட்டது.

உண்மையாகவே எனக்கு எது பிடிக்கும்? யோசிக்கவே பயமாக இருக்கிறது. ஒரு வீட்டில் தூங்கி, இன்னொரு வீட்டில் டீ குடிப்பவள் நான். எனக்கு வரிசை எதற்கு? இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. மற்ற வீடுகளில் ஒருவர் செத்த பிறகுதான் அது நடக்கக் கண்டிருக்கிறேன், ஒருத்தன் சவப்பெட்டியிலும் ஒருத்தன் கோவில் பெஞ்சிலுமாக.

மார்ச் 7, சனி

எண்ணிக்கை முடிந்தது. இன்றே எழுதிவிட வேண்டும்.

பங்கு மண்டபம் காலை ஒன்பதுக்கே நிறைந்துவிட்டது. நடுவில் மேசைகள், சுற்றிலும் தடுப்பு. தடுப்புக்கு வெளியே ஒவ்வொரு பாட்டின் ஏஜெண்டுகளும் கழுத்தை நீட்டி, விரியும் ஒவ்வொரு சீட்டையும் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தார்கள். பாராளுமன்றத் தேர்தலில்கூட இவ்வளவு கவனம் கண்டதில்லை. மாலாக்கி தனக்குத் தானே ஏஜெண்ட். காதில் ஒரு பென்சில், கையில் ஒரு பென்சில்.

முதல் சுற்றிலேயே ஒன்று தெரிந்தது. மூத்தவர்கள் நடன அரங்குப் பாட்டுகளுக்கும் சின்னவர்கள் கித்தார்ப் பாட்டுகளுக்கும் 1 போட்டிருந்தார்கள். ஒருவர் 1 போட்டது அடுத்தவர் சீட்டில் தலையே காட்டவில்லை. ஆனால் எந்தச் சீட்டைப் பிரித்தாலும் மூன்றாவதோ நான்காவதோ ஒரு பெயர். பழைய தபால்காரர் ஒருவர் பாடிய வேடிக்கைப் பாட்டு, ‘என் மாட்டைப் பார்த்தீங்களா’. அதற்கு 1 போட்டவர்கள் கொஞ்சம் பேர்தான், முதல் சுற்றுகளில் வெளியேறாமல் தப்பும் அளவுக்கு. யாருக்கும் அதன்மேல் கோபமும் இல்லை. ஒவ்வொரு பாட்டு வெளியேறும்போதும் மாட்டுப் பாட்டின் கட்டு சத்தமில்லாமல் உயர்ந்துகொண்டே வந்தது.

ஐந்து பாட்டுகள் மிஞ்சிய சுற்றில் ‘மஞ்சள் கோட்டுப் பெண்’ கடைசி. நூற்று நாற்பத்தெட்டுச் சீட்டு. நானே எழுந்து அறிவித்தேன், "வெளியேறுகிறது" என்று. மாலாக்கியின் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தக் கட்டை நானே பிரித்தேன். முதல் சீட்டில் 2, ஃபின்டனின் ‘பாலத்தடியில் காத்திரு’. இரண்டாவது சீட்டு, அதே. மூன்றாவது, அதே. பத்து இருபது ஆனதும் மண்டபத்தில் பேச்சு குறைந்தது. யூஜின்தான் உரக்கச் சொன்னான்: "டேய், ஒரே கட்சி ஆளுங்களுக்குப் போட்ட மாதிரி ஓட்டு மாறுதுடா!"

ஆமாம். ஊர்க்காரர்களுக்கு அது ஒரே இசைத்தட்டு. ஒரு பக்கம் முடிந்தால் திருப்பிப் போட்டுக் கேட்டவர்கள். முன்பக்கம் பின்பக்கம் எல்லாம் எங்கள் வீட்டுக்குள் மட்டும் இருந்த சண்டை. இருபத்தேழு வருஷம் கழித்து, அதுவும் சீட்டு எண்ணும்போது எனக்கு உறைக்கிறது.

அப்போதுதான் அந்தச் சீட்டு வந்தது. ஓரமெல்லாம் பல்லுப் பல்லாக வெட்டியிருந்தது. தையலுக்கென்று நான் பூட்டி வைத்திருக்கும் பல் கத்தரி, ஊரில் வேறு யாரிடமும் இல்லை. காகிதத்தில் வைக்காதே, மழுங்கிவிடும் என்று நூறு தரம் சொல்லியிருக்கிறேன். 1, மஞ்சள் கோட்டு. சரி. 2, பாலத்தடியில் காத்திரு. அந்த 2 மளிகைச் சீட்டில் நான் முப்பத்தெட்டு வருஷமாகப் பார்க்கும் 2, வாத்துக் கழுத்தோடு. அதற்கப்புறம் வேறு எண் இல்லை.

அடப்பாவி. கோவில் வாசல்ல நின்னு என்ன பேச்சு பேசின! பால் திரியும்னியேடா!

தலை நிமிர்ந்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் நேர் எதிரே மாலாக்கி நின்றுகொண்டிருந்தான். நான் பார்த்ததை அவன் பார்த்தான். பென்சிலைப் பைக்குள் போட்டான்.

சீட்டை ஃபின்டன் பாட்டின் கட்டோடு வைத்தேன். வேறு என்ன செய்ய?

கடைசிச் சுற்றில் மாட்டுப் பாட்டும் ஃபின்டன் பாட்டும் மட்டும். மாடு 560, ஃபின்டன் 489. மண்டபம் சிரித்தது, திட்டியது, இரண்டும்.

வீட்டில் சாப்பிடும்போது மாலாக்கி தட்டைப் பார்த்தபடியே கேட்டான். அட்ராக்டா என்ற என் பெயர் அவன் வாயில் அட்டிதான்.

"இன்னிக்கு எண்ணும்போது எதாச்சும் பாத்தியா, அட்டி?"

"ஆயிரத்துச் சொச்சம் சீட்டு பாத்தேன்."

"வெளியே சொல்லுவியா?"

"சத்தியம் பண்ணியிருக்கேன்."

"அதான் சரி." எழுந்து போய், என் கத்தரியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான்.

மார்ச் 8, ஞாயிறு

இங்கே மட்டும் எழுதுகிறேன். எனக்கு அந்த மாட்டுப் பாட்டு மிகவும் பிடிக்கும். இந்த வீட்டிலும் சொல்ல முடியாது, அந்த வீட்டிலும் சொல்ல முடியாது.

மார்ச் 12, வியாழன்

ஃபின்டனுக்கு எண்கள் எல்லாம் தெரிந்திருந்தது. ஏஜெண்டுகள் வாய் சும்மா இருக்குமா?

"அவன் ஆளுங்க ஓட்டெல்லாம் எனக்கு வந்துச்சாமே."

"வந்துச்சு."

டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தான். அவன் சர்க்கரை போடுவதில்லை.

"அவனோட சொந்தச் சீட்டு எங்க போச்சு, அக்கா?"

நாக்கின் நுனியில் வந்துவிட்டது. ஒரு வாக்கியம். அதைச் சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் அது என் வாக்கியமா? அவனே பொத்தி வைத்திருப்பதை நான் திருடிக் கொடுத்தால், ஃபின்டன் கைக்குப் போவது என்ன?

"ரகசிய ஓட்டு, ஃபின்டன்."

"தெரியும், தெரியும். அவன் தனக்கு ஒண்ணு போட்டுட்டுப் பேனாவை மூடியிருப்பான்."

கோட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வழியில் அழுதேன். நேர்மையாக இருப்பது இவ்வளவு எரிச்சலான காரியம் என்று கவுன்சிலில் யாரும் சொல்லித் தரவில்லை.

மாலாக்கி கதவைத் திறந்தான். முகத்தைப் பார்த்துவிட்டு, "கேட்டானா?" என்றான். கேட்டான் என்றேன். "சொன்னியா?" இல்லை என்று கத்தினேன். "சொல்ல வேண்டியவன் நீ! இருபத்தேழு வருஷமா நான் நடந்து நடந்து தேயறேன், உனக்குக் கால் இல்லையா?"

இப்படி நான் கத்தி அவன் கேட்டதில்லை. நாய் மேசைக்கு அடியில் போய்விட்டது.

மார்ச் 17, செவ்வாய், புனித பாட்ரிக் நாள்

ஊர்வலம் முடிந்து எல்லோரும் வானொலி முன்னால். லோர்கன் இருபதாவதிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டான். ஐந்தாவது, மஞ்சள் கோட்டு. மாலாக்கி கண்ணை மூடிக் கேட்டான். இளமைக் குரல், நல்ல குரல்தான். முடிந்ததும் எழுந்து தொப்பியை எடுத்தான்.

"எங்கே?"

"காத்து வாங்கப் போறேன்."

மதுக்கடைக்கு என்றுதான் நினைத்தேன். கோபம் வந்தது. இரண்டாவதாக வரும் ஃபின்டன் பாட்டைக்கூடக் கேட்க மனமில்லையா? நாலாவது போனது, மூன்றாவது போனது, பின்பு அந்த டிரம்பெட் ஆரம்பித்தது. ஃபின்டன் தனியாக உட்கார்ந்து கேட்பானே என்று மனம் கேட்கவில்லை. ஃபோன் செய்தேன். ஐந்தாறு தடவை மணி அடித்த பிறகுதான் எடுத்தார்கள்.

"யாரு?" மாலாக்கியின் குரல்.

ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"அட்டியா? ஃபோனை வை. பாட்டு ஓடுது."

மார்ச் 22, ஞாயிறு

இருவரும் காலையிலிருந்து என் அடுப்படியில். பூசைக்குப் போனார்களா என்று நான் கேட்கவில்லை.

"ரெண்டாவது போட்டானாம், அக்கா! வெக்கமில்லாம சொல்றான். ஒண்ணாவது போட்டிருக்கலாம்ல, திருட்டுப் பய?"

"நீ ஓட்டே போடலியே! உனக்கு என்ன பேச்சு?"

"கம்பெனிக்காரன் மாத்தினான்னு சொன்னதும் பொய்யாம். நான் கேக்காமலே ஒத்துக்கிட்டான்."

"அதை விடுடா. மாட்டைப் பாரு. மாடு ஜெயிச்சிருக்கு, அதைக் கேக்க ஆளில்லை!"

அங்கே இருவரும் ஒன்றாகி விட்டார்கள். தலையோடு தலை முட்ட மூன்று மணி நேரம் எழுதினார்கள். எழுதி முடித்து என் முன்னால் நீட்டினார்கள். தேர்தல் அதிகாரி திருமதி அட்ராக்டா கில்டே அவர்களுக்கு, எண்ணிக்கையில் ஐயம் இருப்பதால் மறு எண்ணிக்கை கோரும் மனு. என் எண்ணிக்கையில்! ஐயம்!

கொதித்துக்கொண்டே கடைசி வரை படித்தேன். கீழே கையெழுத்து. கடிதம் முழுக்க மாலாக்கியின் எழுத்து, பேனாவும் அவன் கையில்தான் இருந்திருக்கிறது. ஆனாலும் மேலே ‘ஃபின்டன் டிகனன்’ என்று எழுதிக் கையெழுத்துக்கு இடம் விட்டு, தன் பெயரை அதற்குக் கீழே போட்டிருந்தான்.

மாவு எடுக்கிற மாதிரி சரக்கறைக்குள் போய், கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

மனு தள்ளுபடி என்று சொன்னேன். மேல்முறையீடு செய்ய வெள்ளைத் தாள் இருக்கிறதா என்று கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தேன்.