நீர்க்கவச மந்திரம்

14-10-1984, ஞாயிறு

என் விஜயா இறந்தபிறகு ஞாயிறுதோறும் அவள் தம்பி பாலு வந்துவிடுகிறான். பகடை உருட்டிக் கதைக்குள் சண்டை போடும் சீமை விளையாட்டு ஒன்றில் என்னையும் பக்கத்து வீட்டு முருகேசனையும் உட்காரவைக்கிறான். கதை சொல்வது அவன்; அதில் நான் ஒரு மந்திரவாதி. போன மூன்று வாரமும் என் மந்திரவாதியைச் சாகவிட்டேன். எழுந்துபோய்ப் படுக்க அதுதான் சுருக்கு வழி.

இன்று டிராகன் நெருப்பைக் கக்கியது.

"இன்னிக்கும் சாவப் போறீங்களா, மாமா?" என்றான் பாலு.

"நீர்க்கவச மந்திரம் போடறேன்," என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

"லேட்டு மாமா. நெருப்பு மேல பட்டுடுச்சி."

முருகேசனுக்குச் சாயப்பட்டறையில் வேலை. எகிறிவிட்டான். "டேய், பச்சத்தண்ணில கைய நனைச்சிகினுதான் நாங்க கொதிக்கிற சாயத்துலேர்ந்து பட்டு நூல எடுக்கறோம். மந்திரவாதி இப்பதான் ஆத்தத் தாண்டி வந்தான். ஈரமா கீறான்டா!"

நானும் விடவில்லை. அந்த ஈரம் ஆவியாக எவ்வளவு சூட்டை இழுக்கும் என்று, பாலிடெக்னிக்கில் படித்த கணக்கைப் போட்டுக் காட்டினேன். பாலு கையெடுத்துக் கும்பிட்டான்.

"போதும் மாமா, பொழைச்சீங்க!"

மூவரும் சிரித்தோம். என் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது.

கிளம்பும்போது, "அடுத்த ஞாயிறு வரட்டுமா?" என்று பாலு கேட்டான்.

"ஆளு உயிரோட கீறானே, வந்துதான் ஆவணும்," என்றேன்.